கல்லும் கல்லூரியும்: பெங்களூருவில் வரலாற்றுப் பட்டப்படிப்பு

பெங்களூருவில் பி.ஏ. படிக்கும் மாணவரிடம் என்ன பாடம் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று எழுத்துகளில் பதில் வரும். எச்.இ.பி. என்றால் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல். எச்.இ.எஸ். என்றால் மூன்றாவது சமூகவியல், எச்.இ.கே. என்றால் கன்னட இலக்கியம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பி.ஏ. வரலாறு என்று தனிப் பட்டம் உண்டு. வரலாறுதான் மேஜர், மற்றவை அலைடு. கர்நாடகத்தில் நெடுங்காலமாக மூன்று பாடங்களும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. அதில் எதை வேண்டுமானாலும் எம்.ஏ.வுக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த ஊர்க் கல்லூரிகளில் வரலாற்றுக்குத் தனி நாற்காலி கிடைப்பது என்றுமே அரிதாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் கல்லூரிக்கு வெளியே, தென்னிந்திய வரலாற்றுக்கான சான்றுகளைத் திரட்டும் வேலையில் பெங்களூரு முன்வரிசையில் நின்ற ஊர். இந்த முரணைத் தொடர்ந்து போனால் இங்கே வரலாற்றுப் படிப்பு வளர்ந்த விதம் விளங்கும்.

மைசூர் அரசு ஆங்கிலேய ஆணையர்களின் நேரடி நிர்வாகத்தில் இருந்த 1858-இல் பெங்களூரு உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஜான் காரெட் அதன் தொடக்க கால முதல்வர். பள்ளி வளர்ந்து கல்லூரியாகி 1875-இல் சென்ட்ரல் காலேஜ் என்ற பெயரைப் பெற்றது. பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். பாடத்திட்டமும் வினாத்தாளும் சென்னையிலிருந்துதான் வந்தன. 1881-இல் பட்டம் பெற்ற விசுவேசுவரய்யாவும், 1894-இல் பட்டம் பெற்ற ராஜாஜியும் இங்கே படித்துச் சென்னைப் பட்டதாரிகளானவர்கள்.

வரலாறு ஒரு தனிப் பட்டப் பாடமாக எங்குமே அப்போது வேரூன்றியிருக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் அது சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்து 1872-இல்தான் பிரிந்தது. கேம்பிரிட்ஜில் வரலாற்றுக்கென்று தனித் தேர்வு 1875-இல் வந்தது. இந்தியாவில் வரலாறு என்ற பெயரில் அதிகம் படிக்கப்பட்டது இங்கிலாந்தின் கதை. டியூடர்களும் ஸ்டூவர்ட்டுகளும் ஆண்ட ஆண்டுகளை மனப்பாடம் செய்த பையனுக்கு, தன் ஊர்க் கோயில் சுவரில் எழுதியிருப்பது என்ன என்று சொல்லித்தர வகுப்பில் ஆள் இல்லை. அதைப் படிக்கத் தெரிந்தவர்களே அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அந்தச் சிலரில் முதன்மையானவர் பெங்களூரு உயர்நிலைப் பள்ளியிலிருந்தே வந்தார் என்பதுதான் வேடிக்கை. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1837-இல் பெங்களூருவில் பிறந்தவர். லண்டன் மிஷன் பாதிரியாரின் மகன். இங்கிலாந்தில் படிப்பை முடித்துவிட்டு 1860-இல் திரும்பி வந்து இதே உயர்நிலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1865-இல் பள்ளிகளின் ஆய்வாளரானார். மைசூர், குடகுப் பகுதிகளில் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களைப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். போன ஊரிலெல்லாம் கண்ணில் பட்டவை கல்வெட்டுகள். மேஜர் டிக்சன் என்ற ராணுவ அதிகாரி சுமார் 150 கல்வெட்டுகளைப் படம் எடுத்து வைத்திருந்தார். அவற்றைப் படித்து மொழிபெயர்க்கும் வேலை ரைஸிடம் வந்து, 1879-இல் மைசூர்க் கல்வெட்டுகள் பற்றிய நூலாக முடிந்தது.

பிறகு 1880-களில் மைசூர் அரசு தொல்லியல் துறையைத் தொடங்கியபோது அதன் பொறுப்பும் அவருக்கே வந்தது. 1886-இலிருந்து அவர் வெளியிட்ட 'எபிகிராஃபியா கர்னாடிகா' பன்னிரண்டு தொகுதிகளில் ஏறக்குறைய 9,000 கல்வெட்டுகளைக் கொண்டது. சித்திரதுர்க்கம் பக்கம் பிரம்மகிரி, சித்தாபுரம் ஆகிய இடங்களில் அசோகரின் கல்வெட்டுகளை 1892-இல் கண்டறிந்ததும் அவர்தான். மௌரியர் செல்வாக்கு எவ்வளவு தெற்கே வந்தது என்ற கேள்விக்கு இந்தியப் பாடநூல்கள் பலவும் இன்றும் அந்தக் கண்டுபிடிப்பை விடையாகத் தருகின்றன.

கல்வெட்டுத் தொகுதிகளில் ஒன்பதாவது பெங்களூரு மாவட்டத்துக்கும் பத்தாவது கோலாருக்கும் உரியவை. இரண்டிலும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். சோழர் காலம் தொடங்கி ஒய்சளர் காலம் வரை இந்தப் பக்கத்துக் கோயில்களில் தமிழில் எழுதுவது சாதாரண வழக்கமாக இருந்தது. தோம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அந்த ஊரைத் தோம்பலூர் என்கின்றன. ஒய்சள வீர ராமநாதன் காலத்துக் கொடையும் அவற்றில் ஒன்று. இன்று மென்பொருள் அலுவலகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிற கோயில் அது.

ரைஸ் ஆசிரியராகத் தொடங்கி ஆராய்ச்சியாளராக முடிந்தார். அவர் விட்டுப்போன கல்லூரியில் அதற்கு நேர்மாறாக, ஆசிரியராக இருந்துகொண்டே ஆராய்ந்த ஒருவர் 1899-இல் வந்து சேர்ந்தார். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையைச் சேர்ந்த எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் சென்ட்ரல் காலேஜில் பத்தாண்டுகள் விரிவுரையாளராக இருந்தார். சங்க இலக்கியம் எந்தக் காலத்தது என்பது அப்போது சூடான விவாதம். சேரன் செங்குட்டுவன் நடத்திய பத்தினி விழாவில் இலங்கை மன்னன் கயவாகு கலந்துகொண்டான் என்ற சிலப்பதிகாரச் செய்தியை இலங்கை வரலாற்று நூல்களோடு பொருத்தி, அந்தக் காலத்தைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். கட்டுரைகள் திரண்டு 1911-இல் பண்டைய இந்தியா பற்றிய நூலாக வெளிவந்தன. முன்னுரை எழுதியவர் வின்சென்ட் ஸ்மித். வடக்கை மட்டுமே இந்தியா என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் தெற்கிலிருந்து, அதுவும் ஒரு சமஸ்தானக் கல்லூரியின் விரிவுரையாளரிடமிருந்து, அப்படி ஒரு நூல் வந்தது சிறிய காரியமல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1914-இல் இந்திய வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியபோது முதலில் அதில் அமர்ந்தவர் அவர்தான். 1929-இல் அவர் ஓய்வுபெற்றபோது அந்த இடத்துக்கு வந்தவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. சென்னை வரலாற்றுத் துறையின் பெருமைக்குரிய பரம்பரை அதுதான்; அதன் நாற்றங்கால் பெங்களூரு என்பதைச் சென்னைக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை.

1909-இல் மிதிக் சொசைட்டி தொடங்கியது. ஆங்கிலேயரின் படைப்பகுதியான கன்டோன்மென்டில் கலெக்டராக இருந்த எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி முன்னின்று ஏற்படுத்தியது. வரலாறு, தொல்லியல், மானுடவியல், சமயம் என்று எல்லாவற்றையும் பேசுவதற்கான சங்கம். உறுப்பினர்களில் அதிகாரிகள், பாதிரிமார்கள், பண்டிதர்கள், கல்லூரி ஆசிரியர்கள் என்று பல தரப்பினரும் இருந்தார்கள். தலைவராக நெடுங்காலம் இருந்து கட்டிக்காத்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் தபார். இன்று நிருபதுங்கா சாலை எனப்படும் தெருவில் டேலி நினைவு மண்டபம் எழுந்து சங்கத்துக்குச் சொந்த இடம் கிடைத்தது. அதன் காலாண்டிதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது. பெங்களூருவில் வரலாறு பேசப்பட்ட உண்மையான வகுப்பறை இதுதான் என்று சொன்னால் மிகையாகாது. இங்கே பட்டம் கிடைக்காது, தேர்வும் இல்லை.

பட்டம் கொடுக்கும் வகுப்பறை அதற்குள் ஊரைவிட்டே போய்விட்டது. 1916 ஜூலையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னர், விசுவேசுவரய்யா திவான், எச். வி. நஞ்சுண்டய்யா முதல் துணைவேந்தர். ஆங்கிலேய ஆட்சிப் பகுதிக்கு வெளியே, ஒரு சமஸ்தானம் அமைத்த முதல் பல்கலைக்கழகம் இது. மைசூர் மகாராஜா கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த சி. ஆர். ரெட்டிக்கு அதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர் அவர். பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமாகக் கையில் இருந்தவை இரண்டு கல்லூரிகள். பாகப்பிரிவினை எளிதாக முடிந்தது. கலைப் பாடங்கள் மைசூர் மகாராஜா கல்லூரிக்கு, அறிவியல் பெங்களூரு சென்ட்ரல் காலேஜுக்கு. டாடாவின் கொடையில் எழுந்த இந்திய அறிவியல் நிறுவனமும் ஏற்கெனவே பெங்களூருவில் வேலையைத் தொடங்கியிருந்தது. ஆய்வுக்கூடங்கள் ஓர் ஊரிலும் நூலகங்கள் இன்னோர் ஊரிலும் இருக்கட்டும் என்ற ஏற்பாடு நிர்வாகத்துக்குச் சௌகரியம்.

பெங்களூருக்காரருக்கு அதன் பொருள் வேறு. கிருஷ்ணசாமி ஐயங்கார் வரலாறு நடத்திய அதே கட்டடத்தில் இனி இயற்பியலும் வேதியியலும்தான். வரலாற்றில் பட்டம் வேண்டுமென்றால் மைசூருக்கு ரயிலேற வேண்டும், அங்கே விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்க வேண்டும். பெங்களூரு அறிவியல் நகரம் என்ற பேச்சு கணினி வந்த பிறகு தொடங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். வித்து 1916-இலேயே ஊன்றப்பட்டுவிட்டது.

போனவர்களுக்கு மைசூரில் கிடைத்தது நல்ல சாப்பாடுதான். தஞ்சை மாவட்டப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடியில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தது மைசூர்க் கீழ்த்திசை நூலகத்தில். 1909-இல் மூலத்தையும் 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அவர் வெளியிட்டார். மௌரியர் நிர்வாகம் என்று இன்று எந்த மாணவரும் எழுதும் பதினைந்து மதிப்பெண் விடையில் பாதி அந்தச் சுவடியிலிருந்து வந்தது. இடையில் 1912 முதல் சில ஆண்டுகள் அவர் பெங்களூரு சாமராஜேந்திர சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

தொல்லியல் துறையும் பின்னாளில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. எம். எச். கிருஷ்ணா ஒரே சமயத்தில் வரலாற்றுப் பேராசிரியராகவும் தொல்லியல் இயக்குநராகவும் இருந்தார். காலையில் பாடம் நடத்துகிறவர்தான் விடுமுறையில் சந்திரவள்ளியிலும் பிரம்மகிரியிலும் குழி தோண்டினார். கன்னடத்தின் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்றாகக் கருதப்படும் ஹல்மிடிக் கல்வெட்டை 1936-இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் அவர். 1950-களில் நீலகண்ட சாஸ்திரி மைசூருக்கு இந்தியவியல் பேராசிரியராக வந்தபோது அவரிடமும் தொல்லியல் இயக்குநர் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவருடைய தென்னிந்திய வரலாற்று நூல் 1955-இல் வெளியானது. தென்னாட்டுக் கல்லூரிகளில் வரலாறு படித்தவர்களில் அதைப் புரட்டாதவர்கள் குறைவு. கல்லும் கல்லூரியும் ஒரே கையில் இருந்த காலம் மைசூருடையது. பெங்களூருவுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

பெங்களூருவில் இன்னொரு பெங்களூருவும் இருந்தது. கன்டோன்மென்ட் எனப்பட்ட படைப்பகுதி 1947 வரை மைசூர் மன்னரின் ஆளுகைக்கு உட்படாமல் ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்தது. படையோடு வந்த தமிழர்கள் திரளாகக் குடியேறிய பகுதி அது. பாரிஸ் வெளிநாட்டு மிஷன் பாதிரியார்கள் 1882-இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்தது. 1937-இல் அது இயேசு சபையாரிடம் கைமாறியது. ஆகவே ஒரே ஊரில், பழைய நகரமான பேட்டையில் படித்தவருக்கு மைசூர் விதி, கன்டோன்மென்டில் படித்தவருக்குச் சென்னை விதி. சுதந்திரத்துக்குப் பிறகுதான் இரண்டு பக்கமும் ஒரே பல்கலைக்கழகத்தின்கீழ் வந்தன.

பெண்களுக்கு 1938-இல் மகாராணி கல்லூரி, 1948-இல் மவுன்ட் கார்மல் கல்லூரி. கலைப் பாடங்கள் பெங்களூருவுக்குத் திரும்பிவந்ததில் பெண்கள் கல்லூரிகளின் பங்கு குறிப்பிடத்தக்கது. மகளைத் தனியாக மைசூருக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்கள் உள்ளூரிலேயே பி.ஏ. வேண்டும் என்று கேட்டன.

1956-இல் மொழிவழி மாநிலம் அமைந்தபோது வரலாற்று வகுப்புக்கு ஒரு புதிய வேலை வந்தது. பழைய மைசூர், பம்பாய் மாகாணத்து வடமாவட்டங்கள், ஐதராபாத் பகுதி, குடகு, தென்கன்னடம் என்று ஐந்து நிர்வாகங்களிலிருந்து வந்த மக்களுக்கு ஒரே வரலாறு வேண்டியிருந்தது. மைசூர்க்காரருக்கு உடையார்களும் திப்புவும் தெரியும். தார்வார்க்காரருக்குச் சாளுக்கியரும் பேஷ்வாக்களும். இரண்டையும் ஒரே நூலில் கட்டியது கர்நாடக வரலாறு என்ற தாள். பி. பி. தேசாய் குழுவினரின் நூல் 1970-இல் வந்தது. சூரியநாத் காமத்தின் சுருக்கமான கர்நாடக வரலாறு 1980-இல் வெளியாகி மாணவர்களின் கையேடாகவே ஆகிவிட்டது. பெங்களூருப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர் காமத். மாநில கெசட்டியர் துறையின் தலைமைப் பதிப்பாசிரியராகவும் இருந்தார். போட்டித்தேர்வுக்காரர்கள் அந்த நூலை இன்றும் விடுவதில்லை.

பெங்களூருப் பல்கலைக்கழகம் 1964-இல் மைசூரிலிருந்து பிரிந்தது. சென்ட்ரல் காலேஜ் அதன் மையமானது. 1970-களில் நகரின் மேற்கே ஞானபாரதி வளாகம் எழுந்தபோது முதுகலைத் துறைகள் படிப்படியாக அங்கே போயின. மாநில ஆவணக்காப்பகம் 1973-இல் விதான சௌதாவில் அமைந்தது. மைசூர் அரசுச் செயலகக் கோப்புகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. இளங்கலை மாணவர் அந்தப் படி ஏறுவது அபூர்வம். கோப்பு புரட்டுவது பிஎச்.டி. மாணவர்களின் வேலை என்பது எழுதாத விதி.

இளங்கலைக்குக் கிடைத்தது தாள்களின் வரிசை. செமஸ்டர் முறையில் முதல் இரண்டு ஆண்டுகள் பருவத்துக்கு ஒரு வரலாற்றுத் தாள், கடைசி ஆண்டில் இரண்டிரண்டு. மூன்றாண்டில் மொத்தம் எட்டு. அந்த எட்டுக்குள் பண்டைய இந்தியா, இடைக்கால இந்தியா, நவீன இந்தியா, கர்நாடகம், நவீன ஐரோப்பா எல்லாம் அடங்க வேண்டும். சிந்துவெளியிலிருந்து ஹர்ஷர் வரை ஒரு பருவத்தில் ஓட வேண்டும் என்றால் நின்று பார்க்க நேரம் ஏது? மூன்று பாட முறையின் பலம், பொருளியலும் அரசியலும் தெரிந்த வரலாற்று மாணவர் உருவாவது. நிலவருவாய் முறைகளைப் படிக்கும்போது அது கைகொடுக்கும். பலவீனம், எதிலும் ஆழம் இல்லாமல் போவது. மதிப்பிட்டுப் பார்த்தால் பலவீனத்தின் பக்கமே தட்டு தாழ்கிறது.

மொழி இன்னொரு பிரிவினை. அரசு ஃபர்ஸ்ட் கிரேட் கல்லூரிகளில் பெரும்பாலோர் கன்னடத்தில் தேர்வெழுதுகிறார்கள். மிஷன் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் ஆங்கிலம். ரொமிலா தாப்பரும் பிபன் சந்திராவும் ஆங்கில மீடியத்துக்காரரின் பையில் இருப்பார்கள். கன்னட மீடியத்துக்காரர் ஆசிரியரின் நோட்ஸையும் அவென்யூ சாலையில் வாங்கிய பழைய புத்தகத்தையும் நம்பியிருப்பார். ஒரே பட்டம், இரண்டு நூலகங்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சில கல்லூரிகளில் தமிழை மொழிப்பாடமாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. வரலாற்றைத் தமிழில் எழுத வழியில்லை.

1990-களில் மென்பொருள் தொழில் ஊரை விழுங்கத் தொடங்கியபோது கல்லூரி வாசலில் நிற்கும் கூட்டம் மாறியது. பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்புகளுக்கு மாணவர்கள் இடம் கிடைக்காமல் அலைய, எச்.இ.பி.யில் இடம் காலியாக இருந்தது. வரலாற்றை உயிரோடு வைத்திருந்தது குடிமைப்பணித் தேர்வு என்றுதான் சொல்ல வேண்டும். எச்.இ.பி.யின் மூன்று எழுத்தும் ஐ.ஏ.எஸ்., கே.ஏ.எஸ். தேர்வுகளின் பொது அறிவுத் தாளோடு ஒத்துப்போகின்றன. பெங்களூருவின் விஜயநகர் பகுதியில் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்தத் தெருக்களில் நடந்தால் விஜயநகரப் பேரரசின் ஆண்டுகளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு போகும் இளைஞர்களைப் பார்க்கலாம்.

தேர்வுக்கான வரலாற்றுக்கும் சான்றுகளோடு மல்லுக்கட்டும் வரலாற்றுக்கும் உள்ள தூரத்தைக் காட்ட இந்த ஊரிலேயே ஒரு கல் இருக்கிறது. கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள ஆதகூர்க் கல்வெட்டு அது. மண்டியா மாவட்டம் ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்டது. கல்லின் மேற்புறத்தில் ஒரு வேட்டைநாயும் காட்டுப்பன்றியும் மோதுகின்றன. நாயின் பெயர் காளி. கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் வீரன் மணலேரன், தன் வீரத்துக்குப் பரிசாக அரசனிடம் கேட்டு வாங்கியது அந்த நாயை. வேட்டையில் பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. மணலேரன் நாய்க்குக் கல் நட்டு, அதற்குப் பூசை நடக்க நிலமும் விட்டான்.

நாயின் கதையோடு ஒரு போரின் கதையும் அதில் இருக்கிறது. இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் சோழரைத் தக்கோலத்தில் எதிர்த்தபோது, முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தனைக் கொன்றவன் பூதுகன் என்று கல் சொல்கிறது. காலம் கி.பி. 949-50. தமிழகத்தில் இதே இராசாதித்தன் 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று மரியாதையோடு நினைக்கப்பட்டவன். சோழர் தரப்பு வீரமரணம் என்கிறது. கங்கர் தரப்பு வெற்றி என்கிறது. யானை மேல் இறந்தான் என்பதில் இருதரப்பும் ஒத்துப்போவது தெரிய நெடுநாள் ஆயிற்று. கல்வெட்டின் ஒரு தொடரை முதலில் படித்த அறிஞர் ஃப்ளீட், பூதுகன் வஞ்சகமாகக் கொன்றான் என்று பொருள் கொண்டார். பிறகு வாசிப்பு திருத்தப்பட்டது. யானை மேலிருந்த அம்பாரியையே போர்க்களமாக்கிக் குத்திக் கொன்றான் என்பதே சரியான பொருள் என்று ஏற்கப்பட்டது. ஒரு சொல்லைப் பிரிப்பதில் ஏற்பட்ட மாற்றம் ஓர் அரசனைத் துரோகப் பட்டத்திலிருந்து காப்பாற்றியது.

சான்று என்றால் என்ன, அது யாருடைய வாய், எழுத்தைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்ற மூன்று பாடங்களையும் ஒரு மணி நேரத்தில் நடத்திவிடக்கூடிய கல் அது. சென்ட்ரல் காலேஜிலிருந்து ஆட்டோவில் போனால் சிறு தூரம்தான்.

ஊரின் பெயரே இன்னோர் உதாரணம். வேட்டையில் வழிதவறிய ஒய்சள அரசன் வீர பல்லாளனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்தாள், அதனால் பெந்தகாளூரு, அது மருவிப் பெங்களூரு என்பது பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு, பெங்களூருச் சண்டையில் ஒருவன் இறந்ததைச் சொல்கிறது. வீர பல்லாளன் பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. பயறுக் கதை சுவையானது, ஆனால் நிற்காது.

2021-இல் தேசியக் கல்விக்கொள்கையை முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலம் கர்நாடகம். மூன்று பாடங்கள் இரண்டாகக் குறைந்தன. நான்காம் ஆண்டு படித்தால் ஹானர்ஸ் என்று அறிவிக்கப்பட்டது. வரலாற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும் என்று ஆசிரியர்கள் சிலர் எதிர்பார்த்தார்கள். ஆட்சி மாறியது, சுகதேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக்கொள்கைக் குழுவின் இடைக்கால அறிக்கையை ஏற்று 2024-இல் மூன்றாண்டு, மூன்று பாட முறை திரும்பி வந்தது. இடைப்பட்ட மூன்று தொகுதி மாணவர்கள் மட்டும் விரும்பினால் நான்காம் ஆண்டைத் தொடரலாம் என்று விடப்பட்டார்கள். அதற்குள் பல்கலைக்கழகமே பலவாகிவிட்டது. 2017-இல் பெங்களூருப் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்தது. சென்ட்ரல் காலேஜ் வளாகம் அவற்றில் ஒன்றான நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அதற்கு மன்மோகன் சிங் பெயரைச் சூட்டுவதாக மாநில அரசு 2025-இல் அறிவித்தது. செயின்ட் ஜோசப் 2022-இல் தானே பல்கலைக்கழகமானது.

கற்களின் பக்கம் நடந்தது வேறு கதை. 2018-இல் ஹெப்பாளில் வடிகால் வேலை நடந்த இடத்தில் சுமார் கி.பி. 750-ஐச் சேர்ந்த நடுகல் கிடைத்தது. கிட்டய்யா என்ற வீரனின் பெயர் அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட கற்களைத் தேடிப் போய் அடையாளம் கண்டு, மண்டபம் கட்டிக் காப்பாற்றியவர்களில் முன்னின்றவர்கள் பொறியியல் படித்த ஆர்வலர்கள். மிதிக் சொசைட்டி 2021 முதல் பெங்களூரு வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வருகிறது. ரைஸின் ஒன்பதாம் தொகுதியில் அச்சான கற்களில் பல இன்று இருந்த இடத்தில் இல்லை. சாலை, வடிகால், அடுக்குமாடி என்று ஒவ்வொன்றுக்கும் சில பலியாகிவிட்டன.

மிஞ்சியவற்றில் தமிழ் வாசகர் போய்ப் பார்க்க வேண்டியவை மடிவாளாவில் இருக்கின்றன. ஓசூர் சாலையின் போக்குவரத்து இரைச்சலுக்கு அருகே, சோமேஸ்வரர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வேப்பூர்க்காரர் ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. வேப்பூர் இன்றைய பேகூர்.

வெங்களூர், இந்த ஊர்தான்.